கிரயம் கொடுத்த பொருளுக்கு மாச வாடகை

போன கார்த்திகையில் ஒரு நாள் அம்மா வாசலில் விழுந்துவிட்டார்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். சென்னைக்கு வரச் சொன்னால் வரமாட்டார். மாட்டை யார் பார்ப்பது, தென்னைக்கு யார் தண்ணீர் விடுவது என்பார். அதனால்தான் வீட்டு முகப்பில் ஒரு கேமரா மாட்டினேன். திண்ணை, வாசல், கேட், தொழுவத்தின் ஓரம் வரை தெரியும். ஆபீஸ் கிளம்பும் முன் ஒரு தடவை ஆப்பைத் திறந்து பார்ப்பேன். வாசலில் கோலம் இருந்தால் அன்றைய நாளுக்கு அது போதும்.

அன்று ராத்திரி போனில் பேசும்போது, வேறு ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில், "காத்தால வாசல் தெளிக்கையில சித்த வழுக்கி உட்ருச்சு கண்ணு. ஒண்ணுமில்ல. நீ சாப்ட்டயா?" என்றார்.

அம்மா ஒண்ணுமில்லை என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று பொருள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "முழங்கை வீங்கியிருக்குதுங்க தம்பி. தூக்கவே முடியல. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க" என்றார். டாக்டராக இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்டது இரண்டே கேள்வி: தலையில் அடிபட்டதா, நினைவு தப்பியதா? அதற்கு அம்மாவிடம் உண்மையான பதில் வராது. கேமராவில் இருக்கும்.

ஆப்பைத் திறந்தேன். காலை 5:42, ஆள் நடமாட்டம் என்று ஒரு வரி. பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம். படம் முழுக்கப் புகை படிந்தது போல மங்கலாக்கி, நடுவில் ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். பூட்டைத் தொட்டேன். இலவசக் காலம் முடிந்துவிட்டது, மாதம் 199 ரூபாய் சந்தா கட்டினால் பதிவைப் பார்க்கலாம் என்று வந்தது.

கட்டினேன். கார்டு எண், ஓடிபி, அது முடிந்ததும் ஆப் தன்னைத் தானே மூடிக்கொண்டு மறுபடி திறந்தது. அந்த மூன்று நிமிஷமும் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பூட்டு போய்ப் படம் தெளிந்தது. அம்மா வாளியோடு வருகிறார். கேட்டுப் பக்கம் கால் சறுக்கிப் பக்கவாட்டில் விழுகிறார். முழங்கை ஊன்றுகிறது, தலை தரையில் படவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நான்கு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு கேட்டைப் பிடித்து எழுந்து, இடது கையால் கோலம் போட ஆரம்பிக்கிறார்.

நான் தினமும் காலையில் பார்த்து நிம்மதிப்பட்ட கோலம், அன்றைக்கு இடது கையால் போட்டது.

அம்மாவுக்குக் கை சரியாகிவிட்டது. எலும்பில் லேசான விரிசல், ஆறு வாரம் கட்டு. இதை எழுதுவது அந்தப் பூட்டுக்காக. அந்தப் படத்தை எடுத்தது நான் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கிய கேமரா. என் வீட்டுச் சுவரில், எங்கள் கரண்டில், நான் காசு கட்டும் இணையத்தில் ஓடுகிறது. படத்தில் இருப்பது என் அம்மா. படம் எடுக்கப்பட்டிருக்கிறது, இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோது அந்தப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்க டிவைஸ் நல்லாத்தான் வேலை செய்யுது சார். பிளான்தான் ஆக்டிவா இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மைதான். கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது சித்தப்பா பையனிடம் இதைச் சொன்னேன். அவன் விவசாயம் பார்க்கிறான். கேட்டுவிட்டு, "ஏனுங்கண்ணா, மோட்டருக்கு நாங்களுந்தான் ரீசார்ஜ் பண்றோம். அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்களே?" என்றான்.

கிணற்று மேட்டில் அவன் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் இன்று பல தோட்டங்களில் உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். கரண்டு எந்நேரம் வரும் என்று காத்துக் கிடக்க வேண்டாம். வீட்டிலிருந்தே போன் அடித்தால் மோட்டார் ஓடும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்துதான் ஆக வேண்டும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டவர் வேறொருவருடையது, அதை ஓட்ட மாசா மாசம் செலவாகிறது, அதைக் கேட்கிறார்கள்.

"ரீசார்ஜ் தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"கெணத்துக்குப் போயி பச்சை பட்டனை அமுத்துவனுங்க" என்றான்.

இந்த விஷயத்தில் நான் சொல்ல வருவது முழுவதும் அந்தப் பச்சை பட்டனில் இருக்கிறது. சிம் செத்தாலும் மோட்டார் மோட்டார்தான். தூரத்திலிருந்து இயக்கும் வசதி மட்டும் போகும். தண்ணீர் இறைப்பது போகாது. அடுத்தவர் தினமும் செய்து தரும் வேலைக்குக் கூலி கேட்பது வேறு. என்னிடம் விற்ற பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கும் திறனைப் பூட்டி வைத்துச் சாவிக்கு வாடகை கேட்பது வேறு. எங்கள் கேமரா முதலாவதில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம். பதிவுகள் அவர்களுடைய சர்வரில் சேமிக்கப்படுகின்றன, அதற்குச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மெமரி கார்டு செருகும் துளை வைத்திருந்தால் அந்தச் செலவே இல்லை. அந்தத் துளையை வைக்காமல் விட்டது செலவுக் கணக்குப் பார்த்து இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த இரண்டாவது வகை சுத்தமாக, எந்தக் கலப்பும் இல்லாமல் தெரிந்த இடம் கார். 2022 ஜூலையில் பிஎம்டபிள்யூ கம்பெனி பிரிட்டன், தென்கொரியா போன்ற நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதியை மாதச் சந்தாவுக்கு விற்பது உலகத்துக்குத் தெரிய வந்தது. பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு. ஒரேயடியாக வாங்க 350 பவுண்டு. சூடாக்கும் கம்பிச்சுருள் சீட்டுக்குள் ஏற்கெனவே தைக்கப்பட்டு வருகிறது. அதற்கான ஒயர் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. காசு கட்டாதவர் அதன்மேல்தான் தினமும் உட்காருகிறார். அந்தக் கம்பியின் எடையையும் சேர்த்து இழுக்க அவர்தான் பெட்ரோல் போடுகிறார். அதைச் சூடாக்கும் கரண்டும் அவர் காரின் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. ஜெர்மனியில் இருக்கும் எந்த சர்வரும் அவர் முதுகுக்குச் சூடு அனுப்புவதில்லை. நம் ஊர் வெயிலில் சீட் சூடு யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். விடியற்காலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் ஊரில் அது ஏசி மாதிரி. நம் காரில் ஏசி காற்றுப்பெட்டி முதல் கம்ப்ரசர் வரை எல்லாம் இருந்தும், சித்திரை மாசம் மட்டும் காசு கட்டித் திறந்துகொள்ளுங்கள் என்றால் எப்படி இருக்கும்?

எதிர்ப்பு பலமாக இருந்தது. 2023 செப்டம்பரில் சீட் சூட்டுக்குச் சந்தா வாங்குவதைக் கைவிடுவதாக பிஎம்டபிள்யூ சொல்லிவிட்டது. இதே கம்பெனி அதற்கு முன் ஆப்பிள் கார்ப்ளே வசதிக்கு அமெரிக்காவில் வருஷம் 80 டாலர் கேட்டு, 2019 கடைசியில் அதையும் விட்டது. வாங்குகிறவர்கள் சேர்ந்து முகம் சுளித்தால் நடக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் மற்றவர்கள் நிற்கவில்லை. மெர்சிடீஸ் 2022 நவம்பரில் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்களுக்கு வருஷம் 1,200 டாலர் கட்டினால் வேகமெடுப்பு கூடும் என்று அறிவித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடி குறையும். மோட்டாரை மாற்றுவதில்லை, பேட்டரியை மாற்றுவதில்லை. காசு வந்ததும் கட்டு அவிழ்கிறது. 2025 ஆகஸ்டில் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டனில் ஐடி.3 காரில் இதையே செய்தது. 201 குதிரைத்திறனை 228 ஆக்க மாதம் 16.50 பவுண்டு, அல்லது ஒரேயடியாக 649 பவுண்டு.

கம்பெனிகள் ஏன் இதைச் செய்கின்றன என்பதில் மர்மம் இல்லை. பத்து விதமான சீட் செய்து பத்து விதமாக ஒயர் இழுப்பதைவிட, எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிப் பொருத்திவிட்டுச் சாஃப்ட்வேரில் பூட்டுவது தொழிற்சாலைக்குச் சுலபம். அதில் மிச்சமாகும் பணம் உண்மையானதுதான். கூடவே, ஒரு தடவை விற்று முடித்த வண்டியிலிருந்து பத்து வருஷத்துக்கு வருமானம். ஜெனரல் மோட்டார்ஸ் 2021ல் முதலீட்டாளர்களிடம், 2030க்குள் சாஃப்ட்வேர், சேவைகள் மூலம் ஆண்டுக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி டாலர் வரை வருமானம் வரும் என்று கணக்குச் சொன்னது. விற்பவருக்கு இது எவ்வளவு இனிப்பு என்று புரிந்துகொள்ள அந்த எண்ணே போதும்.

இது கார்க்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 2010ல் இன்டெல் கம்பெனி ஒரு பென்டியம் சிப்போடு 50 டாலருக்கு ஓர் அட்டை விற்றது. நாம் அந்தக் காலத்தில் போனுக்கு ரீசார்ஜ் கார்டு வாங்கிய மாதிரிதான். அட்டையில் இருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால், சிப்புக்குள் அடைத்து வைத்திருந்த கூடுதல் திறன் திறக்கும். திட்டிய திட்டில் அடுத்த வருஷமே அதை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அது ஒரு தடவைக் கட்டணம்தான். அதற்கே அவ்வளவு கோபம் வந்தது. பத்து வருஷத்தில் மாசக் கட்டணமாகி, கோபம் மட்டும் குறைந்திருக்கிறது.

என்னை மிகவும் பாதித்தது ஒரு தொட்டில். ஸ்னூ என்று அமெரிக்காவில் ஒரு மின்சாரத் தொட்டில் இருக்கிறது, டாக்டர் ஹார்வி கார்ப் என்ற குழந்தை மருத்துவரின் கம்பெனி தயாரிப்பது. குழந்தை அழுதால் தானே கேட்டு, தானே ஆடும். விலை சுமார் 1,700 டாலர். அவ்வளவு விலை கொடுக்கத் தயங்குகிறவர்கள், குழந்தை வளர்ந்த அக்காவிடமோ தோழியிடமோ வாங்கிக்கொள்வார்கள், அல்லது பாதி விலைக்குப் பழையது பிடிப்பார்கள். 2024 ஜூலையில் அந்தக் கம்பெனி, அதுவரை எல்லோருக்கும் இலவசமாக இருந்த சில வசதிகளை மாதம் 20 டாலர் சந்தாவுக்குப் பின்னால் வைத்தது. நேரடியாகப் புதிதாக வாங்கினால் முதல் ஒன்பது மாதம் இலவசம். கை மாறி வந்த தொட்டிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. சாதாரணமாக ஆடுவதை நிறுத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துக் குழந்தையைச் சாதாரணக் கட்டிலுக்குப் பழக்கும் வசதி பூட்டுக்குள் போனது.

எங்கள் வீட்டில் ஒரு மரத்தொட்டில் உண்டு. என் அத்தை பிள்ளைகள், நான், என் தம்பி, என் மகள் என எல்லோரும் அதில் கிடந்தவர்கள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்புவார் அம்மா. தொட்டில் என்றாலே கை மாறுகிற பொருள். பிள்ளை அதில் கிடப்பது சில மாசம், பொருள் இருப்பது பல தலைமுறை. அதன் இயல்பே அப்படி. அந்தக் கை மாறுதலுக்கு ஒரு விலை வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கமில்லாத ஒரு தாய் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் திரையைப் பார்த்து நிற்பதை நினைத்தால் என் கேமராவின் பூட்டுதான் நினைவுக்கு வருகிறது. அவசரத்தில் இருப்பவரிடம் காசு கேட்பது எளிது. எவ்வளவு என்று கூடப் பார்க்காமல் கட்டுவார். நான் கட்டினேன்.

அவசரம் என்றதும் டெஸ்லாவைச் சொல்லியாக வேண்டும். இது அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த காரியம். அதனால்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை நோக்கி வந்தது. லட்சக்கணக்கானோர் வீட்டைவிட்டு வடக்கே கிளம்பினார்கள். அதற்கு முன்பே டெஸ்லாவின் மாடல் எஸ் 60 ரகக் கார்களில் சிலவற்றில் 75 கிலோவாட் மணி பேட்டரியைப் பொருத்தி, ஒரு பகுதியைச் சாஃப்ட்வேரில் பூட்டிக் குறைந்த விலைக்கு விற்றிருந்தார்கள். புயலிலிருந்து தப்பி ஓடும் ஓர் உரிமையாளர் தனக்கு இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும் என்று கேட்டார். கம்பெனி அவருக்கு மட்டுமில்லாமல் அந்தப் பகுதியில் அதே மாதிரிக் கார் வைத்திருந்த மற்றவர்களுக்கும் தொலைவிலிருந்தே பூட்டைத் திறந்துவிட்டது. ஒரு சார்ஜில் சுமார் 30, 40 மைல் கூடுதலாகக் கிடைத்தது. புயல் கடந்தபின், செப்டம்பர் நடுவில், மறுபடி பூட்டிவிட்டார்கள்.

திறந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். உயிர் பிழைக்கப் போகிறவருக்கு 40 மைல் என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். பின்சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் அள்ளிப்போட்ட துணிமணி, திரையில் மிச்சமிருக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் 40 மைலுக்கான பேட்டரி என் காலடியிலேயே இருக்கிறது. அதைத் தினமும் சுமந்துகொண்டுதான் ஓடியிருக்கிறேன். அதை எனக்குத் தருவதா வேண்டாமா என்பதை எங்கோ இருக்கும் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் நல்லவராக இருந்தார். நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

ஈரோட்டில் கார் கன்சல்டிங் வைத்திருக்கும் என் நண்பனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய வண்டி வாங்கி விற்பவன். அவனுக்குப் புயல் கதையைவிட வேறொன்றுதான் உறைத்தது. அமெரிக்காவில் டீலரிடம் ஒருவர் பழைய டெஸ்லா வாங்கினார். தானாக ஓட்ட உதவும் வசதிகளெல்லாம் அந்த வண்டியில் உண்டு என்று பார்த்துத்தான் வாங்கினார். அந்த வசதிகளைக் கம்பெனி தொலைவிலிருந்தே நீக்கியிருந்தது. அவற்றின் விலை 8,000 டாலர். நீங்கள் அதற்குப் பணம் கட்டவில்லையே என்றார்கள். 2020 பிப்ரவரியில் செய்தி வெளியாகிச் சத்தம் எழுந்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பறம் நான் வண்டியப் பாத்து என்னத்த வெல சொல்றது மாப்ள? டயரு பாக்கலாம், எஞ்சின் சத்தம் பாக்கலாம், ஆர்சி புக்கு பாக்கலாம். உள்ள இருக்கறது நாளைக்கு இருக்குமான்னு யாரக் கேக்கறது?" என்றான். முதல் கார் என்று வாங்குகிற பாதிப் பேர் பழைய கார்தான் வாங்குகிறார்கள் என்பான் அவன். வண்டி கை மாறும்போது அதன் திறனும் கூடவே மாறும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

நிலம் வாங்கி விற்ற எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. நம் மொழியில் ஒரு பொருளை இன்னொருவரிடம் கொடுப்பதற்கு எத்தனை விதமான சொற்கள்! வாடகை, குத்தகை, வாரம், ஒத்தி, போக்கியம், அடமானம், கிரயம். ஒவ்வொன்றுக்கும் பாத்தியதை வேறு, பத்திரம் வேறு. ஒத்திக்குக் கொடுத்தால் பணத்தைத் திருப்பியதும் வீடு திரும்பும். குத்தகை, வாரம் என்றால் பணமோ விளைச்சலில் பங்கோ உண்டு, மண் உரியவருக்கு. கிரயம் மட்டும்தான் முழுசாகக் கை மாறுவது. கிரயப் பத்திரத்தில் எழுத்தர் வழக்கமாக ஒரு வரி எழுதுவார்: சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அப்பா வாங்கிய இரண்டு ஏக்கர் பத்திரத்திலும் அது இருக்கிறது. சின்ன வயசில் அவர் அதை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டது நினைவிருக்கிறது. "ஆண்டு" என்றால் வருஷம் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். ஆளுவது, நாம் ஆளுவது என்று திருத்தினார்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது, நிலத்துக்கு மட்டுமில்லை. 1930ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 14ஆவது பிரிவு: விற்கப்பட்ட பொருளை வாங்கியவர் இடையூறின்றி வைத்து அனுபவிக்கலாம் என்ற உறுதிமொழி, எழுதாவிட்டாலும் விற்பனைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் பழைய சட்டம். விற்ற பிறகும் விற்றவர் கை பொருளுக்குள் இருக்கும் என்று அதை எழுதியவர்கள் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனாலும் அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இடையூறின்றி என்ற சொல்லை ஒரு நீதிபதி என்றாவது இந்தப் பூட்டுகளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாடகைக்குக் கொடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேமராவையே மாசம் 200 ரூபாய்க்கு வாடகைக்குக் கொடுத்திருந்தால் யோசித்து எடுத்திருப்பேன். கெட்டால் அவர்கள் மாற்றித் தர வேண்டும், வேண்டாம் என்றால் கழற்றிக் கொடுத்துவிடலாம். கிரய விலையை வாங்கிக்கொண்டு வாடகைப் பாத்தியதையைத் தருவதுதான் என் வருத்தம். அதற்கு நம் மொழியில் சொல்லே இல்லை, அப்படி ஒரு முறையை நாம் வைத்துக்கொள்ளாததால்.

மாசா மாசம் கேபிளுக்குக் கட்டுகிறோமே, செட்டாப் பாக்ஸ் நம்முடையதுதானே என்று இன்னொரு நண்பர் கேட்டார். கேபிள்காரர் மாசா மாசம் புதிதாகப் படம், பாட்டு, செய்தி கொண்டுவந்து தருகிறார். டிவி நம்முடையது, அதில் பென்டிரைவ் செருகிக் கல்யாண வீடியோ பார்க்க யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. அங்கேயும் பச்சை பட்டன் இருக்கிறது.

நம் பக்கத்து வண்டிகளையும் பார்க்கிறேன். ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டருக்கு 'ப்ரோ பேக்' என்று ஒரு தொகுப்பைத் தனியாக விற்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலாவுக்கு 'மூவ்ஓஎஸ் பிளஸ்'. இவற்றைச் சீட் சூட்டுச் சந்தாவோடு அப்படியே சேர்க்க மாட்டேன். ஆனால் வண்டி ஒன்று, அதன் முழுத் திறன் இன்னொரு விலை என்ற பழக்கம் வந்துவிட்டது. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எது வண்டியின் பாகம், எது தனி என்ற கேள்வி இங்கே ஏற்கெனவே ஒரு தடவை எழுந்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டருக்கான மானியத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் விலை உச்சவரம்பு இருந்த சமயத்தில் சில கம்பெனிகள் சார்ஜரைத் தனி விலைக்கு விற்றன. சார்ஜர் இல்லாமல் அது என்ன மின்சார வண்டி என்று அரசு கேட்டது. 2023 மே மாதம் ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ எல்லோரும் சார்ஜருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

அரசு இன்னும் இரண்டு நல்ல காரியம் செய்திருக்கிறது. கார்டிலிருந்து மாசா மாசம் தானாகப் பணம் பிடிப்பதாக இருந்தால், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் சந்தாப் பொறியும் ஒன்று. அதாவது சேருவதைச் சுலபமாக்கி விலகுவதைக் கஷ்டமாக்குவது. இரண்டும் எனக்கு உதவின. அடுத்த மாசம் 199 ரூபாய் பிடிக்கப்போகிறோம் என்று வங்கியிலிருந்து செய்தி வந்தது. அது வராமல் இருந்திருந்தால் மறந்தே போயிருப்பேன். ஆப்பில் சந்தாவை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. கிடைக்கவில்லை என்றால் 1915க்குப் போன் செய்வதாக இருந்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவையெல்லாம் காசு பிடிக்கும் முறையைப் பற்றியவை. விற்ற பொருளைப் பூட்டலாமா என்பதற்கு நம் ஊரில் நேரடியான விதி வேண்டும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், காரில் ஏற்கெனவே பொருத்திய, கம்பெனிக்குத் தொடர் செலவு வைக்காத வசதிக்குச் சந்தா வாங்கக் கூடாது என்று 2022ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 'தொடர் செலவு வைக்காத' என்ற அந்த நிபந்தனையில் இருக்கும் நியாயம் போதும். அதைக் காருக்கு மட்டும் வைக்காமல் கேமராவுக்கும் தொட்டிலுக்கும் வைக்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கேமராவைக் கழற்றிவிட்டேன். கோபியில் கச்சேரிமேடு பக்கம் ஒரு சின்னக் கடை. சிசிடிவி, பேட்டரி, இன்வெர்ட்டர் விற்பவர். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு விலை, கம்பெனி எதுவும் சொல்லாமல் ஒன்றே ஒன்றைச் சொன்னேன்: இணையம் இல்லாவிட்டாலும், நான் யாருக்கும் எதுவும் கட்டாவிட்டாலும், நேற்றைய படம் இன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டும். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்து, பக்கவாட்டில் மெமரி கார்டு போடும் துளையைத் திறந்து காட்டினார். கார்டு செருகி, போனில் இணையத்தை அணைக்கச் சொல்லி, கடை வைஃபையிலேயே பத்து நிமிஷம் முன்பு நாங்கள் உள்ளே நுழைந்ததை ஓட்டிக் காட்டினார். அம்மா கூட வந்திருந்தார். கையில் கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

பில் போடும்போது அம்மாதான் கேட்டார். "இதுக்கு மாசா மாசம் ஏதாச்சும் கட்டோணுமுங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்கம்மா."

"அப்ப அதையும் எழுதிக் குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பில்லின் கீழே காலியாக இருந்த இடத்தில் 'மாதக் கட்டணம் கிடையாது' என்று பேனாவால் எழுதி, கடை சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை மடித்து, வீட்டுக்கு வந்ததும் பீரோவில் நிலப் பத்திரம் இருக்கும் பைக்குள் வைத்துவிட்டார்.